வலப்பக்கம் இழுத்த வாய்

திருமுல்லைவாயில்
12.8.2024

கண்ணம்மாவுக்கு,

போனில் கூப்பிட்டால் பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

நேற்று ஆவடி சபாவில் நடந்த புல்லாங்குழல் போட்டிக்கு ஜுரத்தோடு என்னால் வர முடியவில்லை. நடுவர்களில் நீயும் ஒருத்தி என்று தெரிந்ததும் நிம்மதியாகப் படுத்திருந்தேன். இத்தனை வருஷம் என் கச்சேரிகளுக்கு வயலின் வாசித்தவள், என் பிள்ளைகளுக்கு அநியாயம் செய்யமாட்டாள் என்று.

என் மாணவர்களில் ஒருவருக்கும் ஆறுதல் பரிசுகூட இல்லை. பூந்தமல்லியிலிருந்து பஸ் மாறி வருகிற உஸ்மா அழுது கண் வீங்கிப்போய் வந்து நின்றாள். தாளம் தப்பினாளா? ஸ்வரம் தப்பினாளா?

முகவாதம் வந்து எழுந்த பிறகு என்னைக் கச்சேரிக்குக் கூப்பிடுகிறவர்கள் குறைந்துபோனார்கள். எனக்கென்று மிஞ்சியிருப்பது இந்த வகுப்புதான். அது உனக்குத் தெரியும். அதிலேயே கை வைத்துவிட்டாயே.

வனஜா

*

நூம்பல்
19.8.2024

அன்புள்ள வனஜா,

ஜுரம் விட்டதா? திட்டுவதற்குத் தெம்பு இருக்கிறது, அந்த மட்டும் சந்தோஷம்.

உன் பிள்ளைகளுக்கு ராகம் சுத்தம், தாளம் சுத்தம். நாதம்தான் இல்லை. ஊதுகிற காற்றில் பாதி வெளியே போகிறது. யார் யாரிடம் படிக்கிறார்கள் என்று எங்களுக்குச் சொல்லமாட்டார்கள். ஆனால் குழலை உதட்டில் வைத்ததுமே உன் பிள்ளைகளை நான் கண்டுபிடித்துவிட்டேன். எல்லோரும் வாயை வலப்பக்கம் இழுத்துக்கொண்டு ஊதுகிறார்கள், உன்னைப் போலவே.

உனக்கு இடப்பக்க உதட்டில் இன்னும் வலு வரவில்லை. அதனால் வலப்பக்கமாக ஊதிப் பழகிவிட்டாய். உனக்கு அதில் நாதம் வருகிறது. அந்தக் குழந்தைகளின் வாய்க்கு என்ன வந்தது? எதிரே உட்கார்ந்து உன்னைப் பார்த்துப் பார்த்து அப்படியே பிடித்துக்கொண்டார்கள். மற்ற நடுவர்கள் இருக்கும்போது நான் எப்படி மார்க் போடுவது, சொல்.

கோபம் ஆறியதும் எழுது.

உன்
கண்ணம்மா

*

திருமுல்லைவாயில்
26.8.2024

கண்ணம்மா,

நீ பொய் சொல்கிறாய் என்று நிரூபிக்க, நான் ஊதுவதைப் போனில் படம் பிடித்துப் பார்த்தேன்.

சும்மா இருக்கும்போது என் வாய் நேராகத்தான் இருக்கிறது. தினமும் கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டு முழுக்கக் குணமாகிவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்தேன். குழல் உதட்டில் பட்டதும் ஒரே இழுப்பு. பார்க்கவே சகிக்கவில்லை.

உஸ்மாவின் அப்பா அமீருதீனை வரச்சொல்லிக் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இன்னா டீச்சர் இப்டி கேக்கறீங்க? பொண்ணு ஊட்ல வாயை இஸ்துகினுதான் ஊதும். இன்னாமா இதுன்னா, எங்க மிஸ் இப்டித்தான் ஊதுவாங்கன்னு சொல்லும். பெரிய வித்தை போலகீதுன்னு நானும் உட்டுட்டேன்." சிரிப்பதா அழுவதா?

முகவாதத்துக்குப் பிறகு கிடைத்த கச்சேரிகளிலும் என் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவள் நீ. வேறு யாரைவிடவும் நன்றாகப் பார்த்திருப்பாய். ஏன் சொல்லவில்லை? அது எனக்குப் பொறுக்கவில்லை.

வகுப்பை நிறுத்திவிட்டேன். உஸ்மாவுக்கு வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டேன். நான் கெடுத்தது போதும்.

வனஜா

*

நூம்பல்
2.9.2024

அன்புள்ள வனஜா,

சொல்லியிருந்தால் அன்றைக்கே குழலைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரியில் நீ குடித்த தண்ணீர் கடைவாயில் வழிந்ததைத் துடைத்துவிட்டவள் நான். அந்த வாயில் மறுபடியும் காம்போதி ராகம் வந்தபோது, கோணலாக ஊதுகிறாய் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இன்றைக்கும் வராது. இதற்காக மன்னிப்புக் கேட்பேன் என்று காத்திருக்காதே.

ஆனால் வகுப்பை மூடியது சுத்த முட்டாள்தனம். கோணியது வாய்தானே, உன் காதுக்கு என்ன? ஒரு மயிரிழை சுருதி விலகினாலும் பிடிக்கிற காது இந்த அம்பத்தூர், ஆவடிப் பக்கம் வேறு யாருக்கு இருக்கிறது? அந்தப் பெண் உன்னிடம் வாயை மட்டுமா கற்றுக்கொண்டாள்? போட்டியில் அவள் வாசித்த மோகன ராகத்தில் காற்று கலந்திருந்தது, அதையும் மீறி உன் வாசிப்புதான் கேட்டது.

அவளைக் கூப்பிட்டுக்கொள். இல்லையென்றால் நிஜமாகவே உன்னோடு பேசமாட்டேன்.

கண்ணம்மா

*

திருமுல்லைவாயில்
7.10.2024

அன்புள்ள கண்ணம்மா,

உன் கடிதத்தைக் கிழிக்கத்தான் எடுத்தேன். அப்புறம் திரும்பவும் படித்தேன்.

பிள்ளைகளைக் கூப்பிட்டுவிட்டேன். பாடிக் காட்டி மட்டும் குழல் சொல்லித்தர முடியாது, ஊதித்தான் ஆகவேண்டும். நான் ஊதினால் அவர்கள் என் வாயைப் பார்ப்பார்கள். அதனால் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, அவர்களுக்கு முதுகைக் காட்டிப் பாடம் எடுக்கிறேன். ஆளுக்கொரு கண்ணாடி கொடுத்து, அவரவர் வாயைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

முதல் நாள் உஸ்மா, "மிஸ், எங்க மேல கோவமா?" என்று கேட்டாள். "இல்லடி, நீ ஊது" என்றேன். வெறும் காற்றுதான் வந்தது. அடுத்தடுத்த வகுப்புகளிலும் அப்படித்தான். பழகிய பழக்கத்தை மாற்றுவது புதிதாகப் படிப்பதைவிடக் கஷ்டம். அவளுக்கும் அழுகை, எனக்கும் அழுகை. ஒருவரையொருவர் பார்க்கவில்லை என்பதால் இரண்டு பேரும் சமாளித்தோம்.

நேற்று நான் சட்ஜ ஸ்வரத்தை மட்டும் நீட்டி ஊதினேன். அவளும் சேர்ந்து ஊதினாள். திடீரென்று முதுகுக்குப் பின்னாலிருந்து முழு நாதம் வந்தது. காற்றே இல்லை. அந்த வயதில் எனக்குக்கூட அப்படி வந்ததில்லை. திரும்பி அவள் முகத்தைப் பார்க்கவேண்டும் போல அப்படியொரு ஆசை. நிறுத்தினால் அவளும் நிறுத்திவிடுவாள், ஊதிக்கொண்டே திரும்பினால் என் வாயைப் பார்த்துவிடுவாள். சுவரைப் பார்த்தபடியே மூச்சு இருக்கிறவரைக்கும் ஊதினேன்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வா. பிள்ளைகளுக்கு எதிரே ஆள் வேண்டும். உஸ்மா ஊதும்போது அவள் முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்து எனக்குச் சொல். இந்தத் தடவை மறைக்காமல் சொல்.

உன்
வனஜா