மஞ்சள் சட்டையில் யோபு

ஒசோர்னோ,
ஜனவரி, வியாழக்கிழமை.

பிரியமான எல்வீராவுக்கு,

உன் பழைய சிநேகிதி இர்மா எழுதுவது. எப்படி இருக்கிறாய் என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் "இருக்கேன்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாய். என் மருமகன் சுரங்க வேலைக்காக வடக்கே உங்கள் ஊருக்குத் திரும்புகிறான். அவன் கையில் இந்தக் கடிதத்தையும் ஒரு பொட்டலத்தையும் கொடுத்தனுப்புகிறேன். பொட்டலத்தில் புகையில் வாட்டிய மிளகாய்ப் பொடி இருக்கிறது. அந்தப் பாலைவனத்தில் அதெல்லாம் உனக்கு எங்கே கிடைக்கப் போகிறது!

விஷயத்துக்கு நேராக வருகிறேன். சுற்றி வளைத்தால் உனக்குப் பிடிக்காது. பள்ளிக்கூடங்களுக்கு இப்போது கோடை விடுமுறை, பிப்ரவரி முதல் வாரம் சபையின் கோடை முகாம். ருபாங்கோ ஏரிக்கரையில், அதே இடத்தில்தான். சின்னப் பிள்ளைகளுக்கு எல்லாம் தயார். பெரிய பெண்பிள்ளைகளின் குடிலுக்குத்தான் ஆள் இல்லை. பொறுப்பான ஒரு பெண் அவர்களோடு தங்காவிட்டால், பதின்வயதுப் பிள்ளைகள் இந்த வருடம் வரவே வேண்டாம் என்று சபைக் குழு சொல்லிவிட்டது. அடுத்த வாரம் ஞாயிறு முடிவெடுக்கிறார்கள். அந்தக் குடில் எத்தனை வருடம் உன் குடிலாக இருந்தது! வா, எல்வீரா. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

இங்கேயே மடித்து வைத்துவிடாதே. மிச்சத்தையும் படி.

போன வாரம் நானும் போதகர் உலீசெஸும் இடத்தைப் பார்க்கப் போனோம். பாதை முழுக்கப் புதர் மண்டிக் கிடக்கிறது. படகுத்துறையில் இரண்டு பலகை உளுத்துவிட்டது. கறுப்பு மாட்டு ஈக்கள் இன்னும் ஓயவில்லை. போதகர் சொல்லச் சொல்லக் கேட்காமல் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். அந்த ஈக்களுக்குக் கறுப்பென்றால் கல்யாண விருந்து என்பது இந்தப் பக்கத்துப் பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். அவர் கையை வீசிக்கொண்டு ஓடிய ஓட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும். நான் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். நீ வந்திருந்தால் அதற்கு ஒரு பாட்டே கட்டியிருப்பாய்.

எலியாசர் கட்டின களிமண் அடுப்பு அப்படியே இருக்கிறது. ஒரு விரிசல்கூட இல்லை. உன் புருஷன் அவசரக்காரன்தான், ஆனால் அடுப்புக் கட்டுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அதன் முன்னால் நின்றபோது எனக்கு அந்த மழை வருடம் ஞாபகம் வந்துவிட்டது. வாரம் முழுக்கக் கொட்டித் தீர்த்ததே, மறந்திருக்க மாட்டாய். மெத்தை எல்லாம் ஊறிப்போய், ஆணும் பெண்ணும் பொடிசுகளுமாக எல்லோரும் சாப்பாட்டுக் கூடத்தில் முடங்கிக் கிடந்தோம். "புள்ளைங்க கால் நடுங்குது" என்று சொல்லி எலியாசர் அத்தனை பிள்ளைகளின் காலுறைகளையும் அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயப்போட்டான். மறுநாள் ரொட்டியில் காலுறை வாசம்! நான் கரண்டியைத் தூக்கிக்கொண்டு அவனைத் துரத்தினேன். அவனோ, "பரலோகத்துல இதைவிட நல்ல ரொட்டி கிடைக்காது, இர்மா" என்றான். பிள்ளைகள் ஒரு துண்டு மிச்சம் வைக்கவில்லை. நீ ஓர் ஓரத்தில் உட்கார்ந்து கிதார் வாசித்துக்கொண்டே இருந்தாய். உன் விரல் நுனி சிவந்து போயிருந்தது. அந்த வாரம்தான் நம் முகாம்களிலேயே நல்ல முகாம் என்று இன்றைக்கும் எல்லோரும் சொல்கிறார்கள்.

சாப்பாட்டுக்கு முன்னால் மனப்பாட வசனம் சொல்லாதவர்கள் பாத்திரம் கழுவ வேண்டும் என்று நீ போட்ட சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. வேதத்திலேயே சின்ன வசனமாகப் பார்த்து, இயேசு அழுதார் என்று மட்டும் சொல்லிவிட்டுத் தட்டை நீட்டுகிற சோம்பேறிகளும் இருக்கிறார்கள். வசன எண்ணைச் சொன்னதும் யார் முதலில் பக்கத்தைப் புரட்டிக் கண்டுபிடித்துக் கத்துவது என்று நீ ஒரு போட்டி வைப்பாயே, அதையும் இவர்கள் விடவில்லை. அந்தப் போட்டிதான் இப்போது எங்கள் தலையில் விடிந்திருக்கிறது. சொல்கிறேன், கேள்.

முகாம் சட்டை இந்த வருடம் மஞ்சள். ஈ மொய்க்காத நிறமாக நான்தான் சொன்னேன். முதுகில் முகாமின் வசன எண் மட்டும் பெரிதாக இருக்கட்டும் என்று போதகர் சொன்னார். அவர் தேர்ந்தெடுத்தது யோசுவா முதல் அதிகாரம், ஒன்பதாம் வசனம். தைரியமாயிரு, நீ போகிற இடமெல்லாம் நான் கூட இருக்கிறேன் என்று கடவுள் சொல்கிற இடம். அச்சகத்துக்குத் தன் கையாலேயே 'யோசு. 1:9' என்று சுருக்கி எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர் கையெழுத்துதான் உனக்குத் தெரியுமே, கோழி கிளறினது போல இருக்கும். அச்சடித்து வந்தது 'யோபு 1:9'. ஒரே ஓர் எழுத்து!

செவ்வாய்க்கிழமை சபைக் கூடத்தில் பெட்டியைப் பிரித்தோம். பெரியவர்கள் ஒருவருக்கும் தெரியவில்லை. "ஆஹா, என்ன பளிச்சுனு இருக்கு" என்று சட்டையைத் தோளில் வைத்து அழகு பார்த்துக்கொண்டிருந்தோம். ஆனால் வசன எண்ணைக் கண்டால் இந்தப் பிள்ளைகளின் கை சும்மா இருக்குமா? பழக்கினது நீயாயிற்றே! யாஸ்னா சட்டென்று புரட்டிச் சத்தமாகப் படித்தாள். யோபு சும்மாவா கடவுளுக்குப் பயந்து நடக்கிறான் என்று சாத்தான் கடவுளைப் பார்த்துக் கேட்கிற வசனம். போதகர் முகத்தில் ஈயாடவில்லை. அப்புறம் யாரோ ஒருவர் சிரிக்க, கூடமே சிரித்தது. சாத்தானின் பேச்சை முதுகில் சுமந்துகொண்டு முகாமுக்குப் போகிற ஒரே சபை நாமாகத்தான் இருப்போம்.

யாஸ்னா யாரென்று நினைவிருக்கிறதா? நம் கிளாதிஸின் மகள். உன் குடிலில் மேல் கட்டிலில் படுப்பாளே, ஓயாமல் வாயடிக்கிற ஒல்லிப் பெண். கிளாதிஸ் போன குளிர்காலத்தில் இறந்துவிட்டாள், எல்வீரா. உனக்கு யாரும் சொன்னார்களா என்று தெரியவில்லை. எலியாசருக்கு வந்த அதே நோய்தான். எலியாசருக்கு இருந்தது போலவே சபை முழுவதும் உபவாசம் இருந்து ஜெபித்தோம். அப்போது நடந்ததுதான் இப்போதும் நடந்தது.

சட்டையில் அந்த இடத்தை மறைத்து ஒரு சிலுவைத் துணியைத் தைத்துவிடலாம் என்று போதகரின் மனைவி யோசனை சொன்னாள். எல்லோரும் சரி என்றார்கள். யாஸ்னா மட்டும் எழுந்து நின்றாள். "மறைக்காதீங்க. கேள்வி நல்லாத்தானே இருக்கு?" என்றாள். போதகர், "அது பிசாசோட கேள்விம்மா" என்றார். "யார் கேட்டா என்ன, பாஸ்டர்? பதில் சொல்லுங்க. எனக்கும் அதே கேள்விதான்" என்றாள்.

போதகர் நல்ல மனிதர். சும்மா சொல்லக் கூடாது, தன்னால் முடிந்ததைச் சொல்லிப் பார்த்தார். யோபு இழந்ததெல்லாம் கடைசியில் திரும்பக் கிடைத்தது, பிள்ளைகள்கூட மறுபடியும் பிறந்தார்கள் என்றார். அதற்கு அவள், "வேற புள்ளைங்கதானே பொறந்தாங்க? செத்தவங்க வரலையே" என்றாள். பிறகு அவள் என் பக்கம் திரும்பி, "எல்வீரா அத்தை இப்ப ஜெபம் பண்றாங்களா?" என்று கேட்டாள்.

நான் பொய் சொல்லவில்லை. "தெரியல கண்ணு" என்றேன். "அப்ப அவங்களக் கூப்பிடுங்க. எதையும் பறிகொடுக்காதவங்க சொல்ற பதில் எனக்கு வேணாம். அவங்க வந்தா நானும் வர்றேன். இல்லன்னா முகாமும் வேணாம், சபையும் வேணாம்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள். அன்று மாலை ஆராதனைக்கு அவள் வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டுப் பார்த்தேன், கதவைத் திறக்கவில்லை. அவள் சொன்னால் சொன்னதுதான், அம்மாவைப் போல.

சட்டைகள் எல்லாம் என் வீட்டில்தான் இருக்கின்றன. தைத்துத் தரும் வேலையை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். இன்னும் ஒரு தையல்கூடப் போடவில்லை. ஊசியில் நூலைக் கோத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறேன். நீ ஊரை விட்டுப் போன அன்று பேருந்து நிலையத்தில் சொன்னது காதிலேயே இருக்கிறது. "இத்தனை வருஷம் அவருக்காகப் பாடினேன், இர்மா. எனக்குன்னு ஒண்ணே ஒண்ணு கேட்டேன், குடுக்கல" என்றாய். அன்று உனக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. இன்றும் இல்லை. என் புருஷன் பக்கத்து அறையில் குறட்டை விட்டுக்கொண்டு தூங்குகிறான், என் பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள். நான் சும்மாவா நம்புகிறேன் என்று யாராவது கேட்டால், எனக்கு எப்படித் தெரியும்? என்னை யாரும் இன்னும் சோதித்துப் பார்க்கவில்லையே.

நீ பாட வேண்டாம். ஜெபம் செய்ய வேண்டாம். எழுந்து நின்று சாட்சி சொல்லச் சொல்லி யாரும் உன்னைக் கேட்க மாட்டார்கள். யாராவது கேட்டால், நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன், பார்த்துக்கொள்கிறேன். உனக்குக் கோபம் இருந்தால் கோபத்தோடு வா. பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று அந்தப் பெண்ணிடம் சொல். நீ சொன்னால் அவள் கேட்பாள். நாங்கள் சொன்னால் கேட்க மாட்டாள், அவ்வளவுதான் விஷயம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சொன்னால் உனக்கு அழுகை வரும், பரவாயில்லை, எனக்கும் வருகிறது. எலியாசரைப் புதைத்த அன்றே உன்னையும் சேர்த்துப் புதைத்துவிட்டோம் என்று எங்களுக்கு அப்போது தெரியவில்லை. அவனைத் திருப்பித் தரச் சொல்லி நான் யாரிடம் கேட்க முடியும்? உன்னைத் திருப்பித் தரச் சொல்லி உன்னிடமே கேட்கலாம் அல்லவா? அதைத்தான் கேட்கிறேன்.

குழு முடிவெடுப்பதற்கு முந்தின நாள், சனிக்கிழமை வந்துசேரும் வடக்குப் பேருந்துக்கு நிலையத்தில் வந்து நிற்பேன். யாஸ்னாவையும் அழைத்து வருவேன். அவள் முகாமுக்குத்தான் வர மாட்டேன் என்றாளே தவிர, பேருந்து நிலையத்துக்கு வர மாட்டேன் என்று சொல்லவில்லை. நீ அதில் இல்லையென்றால் அவள் முகத்தை நான் பார்க்க வேண்டியிருக்கும். அந்த வேலையை எனக்குக் கொடுக்காதே, எல்வீரா.

கர்த்தர் உன்னை ஆசீர்வதித்துக் காப்பாராக. அவர் பெயரில் எதையும் வாங்கிக்கொள்ள இப்போது உனக்கு மனமில்லையென்றால், என் பெயரில் வாங்கிக்கொள்.

என்றும் உன்,
இர்மா