அஞ்சுக்கு ரெண்டு

அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கிறது. இங்க நாங்க மூணு பேரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாம இருக்கோம், அங்க நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி நல்லபடியா இருப்பேங்கிற நம்பிக்கையில எழுதுறேன். போன தடவை வீடியோவுல பார்த்தப்ப கன்னம் ஒட்டிப்போயிருந்துச்சு, இங்க வெளிச்சம் சரியில்லம்மான்னு நீ சொன்ன, வெளிச்சம் என்ன கன்னத்தையா தின்னுடும்னு உங்கப்பா கேட்டார். வெல்டிங் வேலையில கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டுப் பார்க்காதே, அவசரம்னாலும் கழட்டாதே. அப்பாவுக்கு முட்டி வலி முன்னைக்குப் பரவாயில்ல, ஆனா லிஃப்ட் ரிப்பேருக்குப் போற ஆளு மாடிப்படி ஏறித்தானே ஆகணும், லிஃப்ட் ஓடலைன்னுதானே அவரைக் கூப்பிடுறாங்க.

எல்லாத்தையும் போன்ல பேசலாமே, எதுக்கு லெட்டர்னு நினைப்பே. உன் தங்கச்சியைப் பத்தி ஒரு சங்கதி சொல்லணும், போன்ல நான் ஆரம்பிச்சாலே போதும்மான்னு போனைப் பிடுங்கிடுறா. அதான் அவ வேலைக்குப் போன பிறகு சாப்பாட்டு மேசையில உக்காந்து எழுதுறேன். பேங்க் கஸ்டமர்களுக்குப் போன் பண்ணி, எங்க ஆன்லைன் சேவை எப்படி இருக்கு, அஞ்சுக்கு எத்தனை மார்க் போடுவீங்கன்னு கேட்கிறதுதானே அவ வேலை. மத்த பிள்ளைங்களுக்கு மூணும் நாலுமா வர, இவளுக்கு மட்டும் அஞ்சு அஞ்சா வந்து விழுந்துச்சு. மேனேஜருக்கு ஒரே சந்தோஷம், அடுத்த டீம் லீடர் நீதான்னு வாய்விட்டே சொல்லிட்டார். நானும் சும்மா இருக்காம எதிர்வீடு, மாடிவீடு எல்லாம் சொல்லியாச்சு. இந்த மார்க்கை எல்லாம் பார்த்த ஹெட் ஆபீஸ், ஜனங்கதான் போன்லயே சந்தோஷமா இருக்காங்களே, இனிமே கிளைகள்ல கவுன்ட்டர் எதுக்கு, மூடிடலாம்னு ஒரு முடிவுக்கு வந்திருக்கு.

அப்பதான் ஒருநாள் அவகிட்ட என் பாஸ்புக்கைப் பதியக் கொடுத்தனுப்பினேன். அதே பேங்கோட நம்ம ஏரியா கிளைக்குப் போய் வரிசையில நின்னவளுக்கு முன்னாடி ஒரு பெரியவர் குரல் கேட்டிருக்கு. எங்கேயோ கேட்ட குரலாச்சேன்னு யோசிச்சா, அதே வாரம் இவ போன்ல பேசின ஆளு. ஸ்கூல் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர், கலகலன்னு சிரிச்சுப் பேசி அஞ்சு போட்டவர். நீங்க ஆன்லைன்ல பண்றதில்லையான்னு இவ பேச்சுக் கொடுத்திருக்கா. பேரன் பேங்க் ஆப்பைப் போன்ல ஏத்திக் கொடுத்துட்டு ஊருக்குப் போயிட்டான், எனக்கு அதைத் திறக்கவே தெரியாதுன்னிருக்கார். அப்ப மார்க் கேட்டாங்களே என்ன போட்டீங்கன்னா, அதுக்கு அவர் சொன்னாராம், "பேசின பொண்ணு அவ்வளவு மரியாதையா பேசுச்சும்மா. குறைச்சுப் போட்டா பாவம் அதுக்குத் திட்டு விழும்ல." அந்தப் பொண்ணு நான்தான்னு இவ சொல்லிக்கல.

வீட்டுக்கு வந்தவ வாயே திறக்கல. நம்ம வாயாடி வாயைத் திறக்கலைன்னா வீடு எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியும். அப்பா கேட்டுக் கேட்டுத்தான் விஷயம் வெளிய வந்துச்சு. அந்த அஞ்சு எல்லாம் பேங்குக்குப் போட்டதில்லப்பா, எனக்குப் போட்டதுன்னா. அப்ப நல்லதுதானேன்னு நான் அசடு மாதிரி சொன்னேன். அதை வச்சுத்தான்மா கவுன்ட்டரை மூடப்போறாங்க, அப்புறம் அந்தப் பெரியவர் எங்க போவார்னு என்னையே திருப்பிக் கேட்டா. அப்பாதான், சத்தம் வருதுன்னு ஒருத்தர் குறை சொன்னாத்தான் நாங்க லிஃப்டைத் திறந்து பார்ப்போம், எல்லாரும் நல்லா இருக்குன்னு சொன்னா எங்களுக்கு என்ன தெரியும்னார். அவ்வளவுதான், எழுந்து போய்க் கை கழுவிட்டார்.

மறுநாள்லேருந்து அஞ்சு போட்டவங்களுக்கே திரும்பப் போன் பண்ண ஆரம்பிச்சுட்டா. எடுத்த எடுப்புலயே, நீங்க எத்தனை போட்டாலும் என் வேலைக்கு ஒண்ணும் ஆகாது, உங்களுக்கு எங்க சிக்குதுன்னு மட்டும் சொல்லுங்கன்னிருக்கா. அப்புறம் பார்க்கணுமே, மனசுல அடைச்சு வச்சிருந்ததை எல்லாம் கொட்டியிருக்காங்க. எழுத்து எறும்பு மாதிரி இருக்குன்னு ஒருத்தர். என் பென்ஷன் வந்துச்சான்னு பார்க்க மருமகளைக் கெஞ்ச வேண்டியிருக்குன்னு ஒரு அம்மா. நல்லது சொன்னவங்களும் இல்லாம இல்ல, கடையைப் பூட்டிட்டு பேங்குக்கு ஓடுற வேலை எனக்கு மிச்சம்னு ஒரு ஸ்டேஷனரி கடைக்காரர் நிஜமாவே அஞ்சு போட்டார். ஆனா மொத்தமாப் பார்த்தா மார்க் சறுக்கி ரெண்டுக்கு வந்துடுச்சு.

மேனேஜர் கெட்டவர் இல்ல, ஆனா பழைய மார்க்கை மேல அனுப்பிட்டாரே. ஹெட் ஆபீஸ்லேருந்து ஆள் வர்ற மீட்டிங்ல இதைப் பேசாதே, டீம் லீடர் விஷயமும் அன்னைக்குத்தான் முடிவாகுதுன்னு சொல்லி அனுப்பியிருக்கார். உனக்கு எதுக்குடி ஊர் வம்பு, வாயை மூடிக்கிட்டு இருந்துடுன்னு நானும்தான் சொன்னேன். அவ அதைக் காதுல போட்டுக்காம தலையைப் பின்னிக்கிட்டுக் கிளம்பிட்டா.

அங்க நடந்ததை அவகூட வேலை பார்க்கிற பொண்ணுதான் எனக்குச் சொல்லுச்சு. எல்லாரும் அந்தப் பழைய மார்க்கைப் பார்த்துக் கைதட்டி முடிச்சதும் இவ எழுந்து நின்னு, "இது என் குரலுக்கு வந்த மார்க். இதை நம்பி கவுன்ட்டரை மூடாதீங்க"ன்னிருக்கா. ஹெட் ஆபீஸ்லேருந்து வந்த அம்மா, அது எப்படி அவ்வளவு நிச்சயமா சொல்றேன்னு கேட்டதுக்கு, அஞ்சு போட்டவங்க லிஸ்ட்ல நீங்களே ஒரு ஆளைக் கைகாட்டுங்க, இப்பவே கூப்பிடுறேன்னு சொல்லி போனை ஸ்பீக்கர்ல போட்டுட்டா. எடுத்தது ரிட்டயர் ஆன ஒரு நர்ஸ். ஆபீஸ்ல எல்லாரும் கேட்டுக்கிட்டு இருக்காங்க, தாராளமா சொல்லுங்கன்னு இவ சொன்னதும் அந்தம்மா சொன்னாங்களாம், "ஓடிபி வந்து, நான் கண்ணாடியைத் தேடிப் போடுறதுக்குள்ள நேரம் முடிஞ்சுடுதும்மா. பணம் போச்சா இருக்கான்னு தெரியாது. மறுநாள் பேங்க் திறக்குற வரைக்கும் எனக்கு உசிரே இல்ல." மேனேஜர்தான் முதல்ல பேசினாராம், அவங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுப் போனை வையும்மான்னு.

கவுன்ட்டரை மூடல. ஓடிபிக்கு நேரம் கூட்டியிருக்காங்க, எழுத்தைப் பெருசாக்கியிருக்காங்க, கூட இருந்து செய்து காட்ட ஒவ்வொரு கிளையிலயும் மேசை போட்டு ஒரு ஆளையும் உக்கார வச்சிருக்காங்க. டீம் லீடர் பதவி என்னவோ பக்கத்து சீட்டுப் பொண்ணுக்குப் போயிடுச்சு. இவ முகம் வாடித்தான் இருந்துச்சு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். நாலு நாள் அப்பா அவளை வண்டியில கொண்டுபோய் விட்டு, கூட்டிக்கிட்டு வந்தார். இப்ப பழையபடி வாய் நீண்டாச்சு.

நேத்து நானே பேங்குக்குப் போனேன். அந்த மேசையில ஒரு தாத்தா தன் கையாலயே பட்டனை அமுக்கிட்டு, பணம் போயிடுச்சா போயிடுச்சான்னு குழந்தை மாதிரி கேட்டுக்கிட்டு இருந்தார். என்னால அடக்க முடியலடா. பின்னாடி நின்ன அம்மாகிட்ட, இந்த மேசையைப் போட வச்சது என் பொண்ணுதான்னு சொல்லிட்டேன். அவங்க என்னை உத்துப் பார்த்துட்டு, "போன்ல பேசுமே, அந்தப் பொண்ணா? ரெண்டாந்தடவை கேட்டப்ப நான் ரெண்டுதான் போட்டேன், கோச்சுக்கிச்சா?"ன்னு கேட்டாங்க. நான் அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு, அவ வாங்கினதுலயே அதுதாங்க நல்ல மார்க்குன்னேன்.

நீ நல்லா இருக்கணும், எடுத்த வேலையெல்லாம் உனக்குக் கைகூடணும், அப்பாவும் இதையேதான் சொல்லச் சொன்னார். மறக்காம ஞாயித்துக்கிழமை தங்கச்சிகிட்டத் தனியாப் பேசு, நான் எழுதினதாக் காட்டிக்காதே.

எந்நேரமும் உன் நினைப்பா இருக்கிற,
அம்மா