சிவப்பு ஜன்னலில் நாலாம் நம்பர்

1928 செப்டம்பர் 5, புதன்

இதைக் கையில் எடுத்தவர் யாராக இருந்தாலும் உங்கள் காலில் விழுகிறேன். யாரிடமும் காட்டவேண்டாம். அப்பாவிடம் காட்டவே வேண்டாம். படித்துவிட்டால் அடுப்பில் போட்டுவிடுங்கள். அத்தைக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் நான் எழுதுகிறேன் என்று தெரிந்தாலே பள்ளிக்கூடத்தை நிறுத்திவிடுவாள். மலையாளம் காம்போசிஷன் நோட்டின் கடைசிப் பக்கங்களில் தமிழில் எழுதுகிறேன். டீச்சருக்குத் தமிழ் தெரியாது.

இன்று அக்காவின் டிரங்குப் பெட்டி நாகர்கோவிலிலிருந்து வந்தது. அத்திம்பேர் ஆடி மாதம் விஷஜுரத்தில் போய்விட்டார். அக்காவுக்கும் அதே ஜுரம். பத்தாம் நாள் தலையை மழிக்கவேண்டும். டாக்டர் கூடாது என்றுவிட்டார், தலையில் தண்ணீர் பட்டால் பிழைக்கமாட்டாளாம். அதனால் புக்ககத்தார் முடியோடு இங்கே வலியசாலைக்கு, எங்களிடமே கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். நெல் பத்தாயம் இருக்கும் அறைக்கு உள்ளே ஓர் இருட்டறை. அதில் உட்கார்ந்திருக்கிறாள். அக்காவுக்குப் பதினேழு வயது. அப்பா இன்னும் ஒரு தடவைகூட உள்ளே போய்ப் பார்க்கவில்லை.

டிரங்குக்குள் வேஷ்டிகளுக்கு அடியில் கறுப்பாக ஒரு பெட்டி. காமிரா. யாரோ வெள்ளைக்கார இஞ்சினீயர் ஊரைவிட்டுப் போனபோது ஏலத்தில் அத்திம்பேர் வாங்கினது. மேலே தோல் ஒட்டியிருக்கிறது, மூலையில் உரிந்துபோயிருக்கிறது. அத்தை மடியாக இருந்தாள், கையால் தொடக்கூடாது. விறகுக் கட்டையால் அதைத் தள்ளினாள். "பசுவோ எருமையோ, யாரு கண்டா? விறகுப் புரையிலே கொண்டு போடு. தொட்டுட்டு அப்படியே ஸ்நானம் பண்ணிட்டு வா."

கொல்லைக் கொட்டகையில் போட்டுவிட்டு ஸ்நானம் பண்ணினேன்.

செப்டம்பர் 6

அக்கா இன்று ஒரு வார்த்தையும் பேசவில்லை.

செப்டம்பர் 7, வெள்ளி

வகுப்பில் ரத்னாபாயிடம் கேட்டேன். அவள் அப்பா ராஜையன் ஆரியசாலையில் ஒரு படக்கடையில் பிலிம் கழுவுகிறார். பெட்டியின் முதுகில் சின்னதாகச் சிவப்புக் கண்ணாடி இருக்கிறது, அதில் 4 என்று தெரிகிறது என்றேன். உள்ளே சுருள் இருக்கிறது என்று அர்த்தமாம். ஒரு சுருளில் எட்டுப் படம். மூன்று எடுத்தாகிவிட்டது, நாலாவது காத்திருக்கிறது. ஒவ்வொன்று எடுத்ததும் பக்கத்துச் சாவியைத் திருகி அடுத்த நம்பரைக் கொண்டுவரவேண்டும்.

"ஏட்டி, உள்ள என்ன இருக்குன்னு தொறந்து பாத்துராத. எல்லாம் கரிஞ்சு போவும்" என்றாள்.

உள்ளே தீயா இருக்கிறது என்று கேட்டேன்.

"தீ இல்ல பிள்ளே. வெயிலு."

பெட்டியை வயிற்றோடு சேர்த்துப் பிடித்து, மேலே உள்ள கண்ணாடியில் குனிந்து பார்த்து, மூச்சை அடக்கிக்கொண்டு அமுக்கவேண்டுமாம். மூச்சு விட்டால் படமும் ஆடிவிடும். "ஒங்க தெருக்காரங்களுக்கு அது சுளுவுதான? தெனமும் மூக்கப் பிடிச்சு ஜெபிச்சிட்டுத்தான இருக்கிய" என்று சொல்லி அவளே சிரித்தாள். நானும் சிரித்திருக்கவேண்டும்.

செப்டம்பர் 10, திங்கள்

புரோகிதம் பண்ணும் வாத்தியார் வந்தார். மகாளயபட்சம் பிறப்பதற்குள் அக்காவின் தலையை மழித்து முடித்துவிடவேண்டும் என்று பஞ்சாங்கம் பார்த்து 26ஆம் தேதி புதன்கிழமை என்றார். அப்பா தலையை ஆட்டினார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு சர்க்கார் கச்சேரிக்கு வேலைக்குப் போனார்.

சாயங்காலம் அக்காவுக்குப் பால் கொண்டுபோனேன். தானாகவே பேசினாள்.

"சீதே, அவரோட பெட்டி எங்கே?"

"விறகுப் புரையிலே."

"அதுலே என்னை ஒண்ணு எடு. முடியோட."

எனக்கு எடுக்கத் தெரியாது என்றேன்.

"கத்துக்கோ. இன்னும் பதினாறு நாள் இருக்கோல்லியோ."

அவள் எண்ணி வைத்திருக்கிறாள். வாத்தியார் பேசியது உள்ளே கேட்டிருக்கிறது.

அத்தைக்குத் தெரிந்தால்? அந்தப் பெட்டியோடு என்னையும் புரையிலேயே பூட்டிவிடுவாள். ஆனாலும் சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 12, புதன்

புரைக்குப் பின்னால் நின்று கிணற்றை எடுத்தேன். கண்ணாடியில் கிணறு இடம் வலமாக மாறித் தெரிந்தது. இந்தப் பக்கம் நகர்ந்தால் அது அந்தப் பக்கம் போகிறது. பிறகு தொழுவத்து மாட்டை எடுத்தேன். அதற்குப் பிறகுதான் சாவியைத் திருகவேயில்லை என்று ஞாபகம் வந்தது. திருகி, ஐந்தாவதில் துளசிமாடத்தை எடுத்தேன். எடுத்து முடித்துப் பார்த்தால் என் விரல் லென்ஸுக்கு முன்னால் இருக்கிறது.

ரத்னாபாயிடம் சொன்னேன். "கெணத்துக்க மேல மாடு நிக்கும். அடுத்ததுல ஒனக்க வெரலு மட்டும் இருக்கும்" என்றாள். இன்னும் மூன்று பாக்கி. ஆறு, ஏழு, எட்டு. புதுச் சுருள் வாங்க எனக்கு வழியில்லை.

செப்டம்பர் 14, வெள்ளி

அக்கா வெயிலுக்கு வரக்கூடாது. இருட்டறையில் படம் விழுமா என்று ரத்னாபாயை அவள் அப்பாவிடம் கேட்கச் சொன்னேன். விழும் என்றாராம். பெட்டியின் உச்சியில் ஒரு தகடு இருக்கிறது, அதை வெளியே இழுத்தால் கண் திறந்தபடி இருக்கும். பெட்டியைக் கையில் பிடிக்காமல் எதன்மேலாவது வைக்கவேண்டும். கதவைத் திறந்து வெளிச்சம் விழும்படி செய்து அறுபது எண்ணவேண்டும். எண்ணி முடிக்கும்வரை ஆள் அசையக்கூடாது.

அது அக்காவுக்குக் கஷ்டமில்லை.

செப்டம்பர் 16, ஞாயிறு

கரமனையில் ஒருத்தர் ஆத்தில் ச்ராத்தம். சமையலுக்கு அத்தையைக் கூப்பிட்டிருந்தார்கள், விடிவதற்குள் போய்விட்டாள். அப்பா சாப்பிட்டுவிட்டு முன்னறையில் தூங்கினார். குறட்டை கேட்டபிறகு பெட்டியைப் பாவாடைக்குள் மறைத்துக் கொண்டுவந்தேன்.

கொல்லைக் கதவையும் இருட்டறைக் கதவையும் திறந்துவைத்தேன். வெயில் தரையில் நீளமாக அக்காவின் முழங்கால்வரை வந்தது. அவள் முந்தானையைத் தலையிலிருந்து எடுத்தாள். ஐம்பது நாளாக எண்ணெயும் இல்லை, சீப்பும் இல்லை. முடி சடையாக ஒட்டிக்கிடந்தது. சீவிவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், இப்படியே என்றாள். முன்பக்கம் எடுத்துப் போட்டுக்கொண்டாள். மடியில் கிடந்தது.

நெல் அளக்கும் மரக்காலைக் கவிழ்த்து அதன்மேல் பெட்டியை வைத்தேன். ஆறாவதில் முப்பதுவரை எண்ணியபோது அப்பா இருமினார். நான் பெட்டியை இடித்துவிட்டேன். ஏழாவதில் அறுபதும் எண்ணினேன். அவள் கண்ணைக்கூட மூடவில்லை. என்னைப் பார்க்கவில்லை, பெட்டியை மட்டும் பார்த்தாள்.

எட்டாவதுக்கு அவளே எழுந்தாள். என்னை அவள் இடத்தில் உட்கார்த்தினாள். தகட்டை எப்படி இழுக்கவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கல்யாணமான புதிதில் அத்திம்பேர் கற்றுக்கொடுத்தாராம். அவள் எண்ணினாள், நான் அசையாமல் இருந்தேன். அடுத்த தையில் எனக்கு வரன் பார்க்கப்போகிறார்கள்.

ஏன் அங்கே உட்கார்ந்தேன்.

செப்டம்பர் 17, திங்கள்

சுருளை முழுவதும் சுற்றிமுடித்து வெளியே எடுத்து, ரத்னாபாய் சொன்னபடி அதன் முனையில் காகிதம் ஒட்டி, பாவாடை இடுப்பில் செருகிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். அவள் வரவில்லை. நாகர்கோவிலில் கல்யாணமாம். புத்தகப்பையில் வைக்கப் பயம், பையை அத்தை குடைவாள். இடுப்பிலேயே திரும்பக் கொண்டுவந்தேன்.

தினமும் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால் புரையில் துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டு, கிணற்றடியில் குளித்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். இன்று அத்தை குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள். கரமனையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள், எல்லா ஜாதிக் குழந்தைகளும் எங்கள் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள் என்று. "துணியோடயே நில்லுடி" என்றாள். மூன்று குடம். தலையிலிருந்து ஊற்றினாள்.

இடுப்பில் சுருள் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? தண்ணீர் இடுப்பில் இறங்குவது தெரிந்தது. அப்படியே நின்றேன்.

காகிதம் ஊறி வீங்கியிருக்கிறது. காய்ந்த துணியில் சுற்றிப் புரையில் வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 18

ரத்னாபாய் இன்றும் இல்லை. அக்கா "கொடுத்துட்டியா?" என்று கேட்டாள். கொடுத்துவிட்டேன் என்றேன்.

செப்டம்பர் 19, புதன்

வந்தாள். கொடுத்தேன். முகர்ந்து பார்த்து, "இதென்ன, கெணத்துலயா போட்ட?" என்றாள். நான் நடந்ததைச் சொன்னதும் அவள் கிண்டலை நிறுத்திவிட்டாள்.

செப்டம்பர் 21, வெள்ளி

நான் எடுத்த ஒன்றும் இல்லை.

சுருளில் கடைசியாக எடுத்ததுதான் வெளிச்சுற்றில் இருக்குமாம். தண்ணீர் அதில்தான் முதலில் ஏறியது. எட்டு, ஏழு, ஆறு, ஐந்து, நாலு, எல்லாம் காகிதத்தோடு ஒட்டி உரிந்து வந்துவிட்டது. உள்ளே நடுவில் இறுகிச் சுற்றியிருந்த மூன்று மட்டும் பிழைத்திருக்கிறது. அவை அத்திம்பேர் எடுத்தவை. இரண்டில் ஏதோ மரமும் வண்டியும். ஒன்றில் ஒரு பெண், அக்காவாகத்தான் இருக்கும்.

எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். தானும் பார்க்கவில்லை, தன் அப்பா காட்டவில்லை என்றாள் ரத்னாபாய். அதை என்னிடம் தரமாட்டாராம். கச்சேரிக்குப் போய் என் அப்பாவிடமே நேரில் கொடுக்கப்போகிறாராம்.

வேண்டாம் என்று அவள் கையைப் பிடித்தேன். டீச்சர் "எந்தா குட்டி?" என்று கேட்கும்வரை விடவில்லை.

ரத்னாபாய் மெதுவாகச் சொன்னாள். "அக்ரகாரத்துப் பெண்ணுக்க படம் எங்க கடையில கெடந்துன்னு தெரிஞ்சா அப்பாவையாக்கும் அடிப்பாங்க. சின்னப் பிள்ளை கையிலயும் குடுக்க முடியாது. அவரு வேற என்ன செய்வாரு?"

அவள் சொல்வதும் சரிதான்.

செப்டம்பர் 23

நேற்று ராஜையன் அப்பாவைப் பார்க்கவில்லை போலிருக்கிறது. இன்று ஞாயிறு, கச்சேரி இல்லை. நாளை.

செப்டம்பர் 24, திங்கள்

அப்பா ராத்திரி சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று அத்தையிடம் சொன்னார். அத்தை ஜபத்துக்கு உட்கார்ந்தபிறகு என்னை முன்னறைக்குக் கூப்பிட்டார். கோட்டுப் பையிலிருந்து கவரை எடுத்தார். அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"பாரு" என்றார்.

மொட்டைமாடி. வெயில். அக்கா குளித்துவிட்டு முடியை விரித்து உலர்த்துகிறாள். ஒரு கையால் முடியைத் தூக்கிப் பிடித்து, எடுப்பவரைப் பார்த்து வேண்டாம் வேண்டாம் என்று மற்றக் கையை நீட்டியிருக்கிறாள். வாய் முழுக்கச் சிரிப்பு. மேல் பல் ஈறுவரை தெரிகிறது. ஓரத்தில் தண்ணீர் ஏறின கறை.

"இவ இப்படிச் சிரிப்பாளா?" என்று அப்பா கேட்டார்.

எனக்கும் தெரியாது என்றேன். அதுதான் நிஜம். இந்த வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

பெட்டியை யார் எடுத்தது, எதற்கு என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். மரக்கால், அறுபது, தண்ணீர், பொய். அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டாரா என்று தெரியவில்லை. பிறகு, போய்ப் படு என்றார்.

செப்டம்பர் 25, செவ்வாய்

நாளை.

அத்தை வெள்ளைப் புடவையை நனைத்து உலர்த்தியிருக்கிறாள். மனைப்பலகையைக் கழுவிக் கிணற்றடியில் சாத்தியிருக்கிறாள். அப்பா வழக்கம்போல் கச்சேரிக்குப் போனார், வழக்கம்போல் வந்தார். படத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அக்கா, "படம் வந்துதா?" என்றாள். நாளைக்கு வந்துவிடும் என்றேன். எத்தனை பொய்.

செப்டம்பர் 26, புதன்

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

விடிகிறதற்கு முன் நாவிதர் கொல்லைப்புறமாக வந்தார். அத்தை அக்காவை அழைத்துவர விளக்கோடு எழுந்தாள். அதற்குள் அப்பா கிணற்றடியில் நின்றிருந்தார், எப்போது எழுந்தார் என்று தெரியாது. நாவிதர் கையில் ஒரு தேங்காயும் ஒரு படி அரிசியும் கொடுத்து, இனி இந்த ஆத்துக்கு இந்தக் காரியத்துக்கு வரவேண்டாம் என்று சொன்னார். நாவிதர் துண்டில் கட்டிக்கொண்டு வந்த வழியே போனார்.

அத்தை சத்தம் போடுவாள் என்று பத்தாயத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். சத்தம் போடவில்லை. விளக்கைக் கீழே வைத்தாள். மழித்த தலைமேல் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மெதுவாகத்தான் கேட்டாள்.

"எனக்கு அன்னிக்கு யாருடா திருப்பி அனுப்பினா?"

அப்பா குனிந்து விளக்குத் திரியைத் தூண்டினார்.

"பதினஞ்சு வயசுடா எனக்கு. நீ தின்னுண்டிருந்த முறுக்கைக் கையிலே வச்சுண்டு பாத்துண்டு நின்னாய்."

"எனக்கு நாலு வயசு, அக்கா" என்றார் அப்பா.

"அதான் கேக்கறேன். பெரியவா எல்லாரும் இருந்தாளே. அவாள்லே யாரு?"

அவ்வளவுதான். சமையலறைக்குப் போய்த் தரையில் படுத்துவிட்டாள். இன்று அடுப்பு எரியவில்லை. வாத்தியார் வந்து வாசலிலேயே நின்று, மகாளயத்துக்கு இந்த ஆத்துப் படி ஏறமாட்டேன் என்றார். அப்பா, சரி என்றார். எதிர் ஆத்துக்காரர்கள் எங்களைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான் பள்ளிக்கூடம் போகவில்லை.

அக்காவிடம் யாரும் சொல்லவில்லை. நான்தான் கதவருகே போய், இனிமேல் வரமாட்டார் என்றேன். "யாரு சொன்னா?" என்று கேட்டாள். அப்பா என்றேன். அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். படத்தை அப்பா இன்னும் அவளுக்குக் காட்டவில்லை, கோட்டுப் பையிலேயே வைத்திருக்கிறார். நான் எடுத்தவை போய்விட்டன என்று நானும் இன்னும் சொல்லவில்லை.

அப்பாவிடம் போய், அக்கா இனி வெளியே வரலாமா என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார். அதைப் பற்றி அவர் யோசிக்கவேயில்லை என்று தெரிந்தது. "அவ கேட்டாளா?" என்றார். இல்லை என்றேன்.

ராத்திரி ஆனதும் அத்தை எழுந்துவந்து இருட்டறைக் கதவை வெளியே தாழ்ப்பாள் போட்டாள். காலையில் எழுந்ததும் அப்பா அவள் முகத்தில் விழித்துவிடக்கூடாது என்று தினமும் போடுவது. இன்றைக்கும் போட்டாள். பழக்கம்தானோ? போட்டபிறகு அந்தத் தாழ்ப்பாளில் கையை வைத்தபடி வெகுநேரம் நின்றாள். பிறகு போய்ப் படுத்துக்கொண்டாள்.

பத்தாய அறையில் படுத்திருக்கிறேன், தூக்கம் வரவில்லை. நாளைக்கு என்ன ஆகும்? நாகர்கோவிலிலிருந்து அக்காவின் மாமனார் வருவாராம். அப்பா அப்போதும் இதையே சொல்வாரா? எண்ணெய் குறைந்துவிட்டது, திரியை இறக்கி வைத்து எழு —

யாரோ தட்டுகிறார்கள். தெருக்கதவு இல்லை. முன்னறையும் இல்லை. இங்கேதான், என் பக்கத்தில். இருட்டறைக் கதவு, உள்ளேயிருந்து —