துவக்குக்கு ஒரு கையெழுத்து

மல்வேர்ன்
3 மார்ச் 2025

அன்புள்ள செலீனுக்கு,

நான் போன் எடுத்தால் நீர் வைத்துவிடுகிறீர். மகளுக்கு எடுத்தால், "அம்மா குளிக்கிறா" என்கிறாள். எந்த நேரம் எடுத்தாலும் குளிப்புத்தானா? அதனால்தான் தபாலில் வருகிறேன்.

ஒரு நல்ல செய்தி. கனடா ஆமியின் களஞ்சியத்தில் கிடந்த, சிப்பாய்கள் சுட்ட பழைய துவக்குகளில் கொஞ்சம் எங்களைப் போன்ற சேகரிப்பாளர்களிடம் வருகிறது. எங்கள் துவக்குக் கிளப்புக்கு நாலு. கேட்ட ஆட்களோ எழுபத்தொன்பது. சீட்டுக் குலுக்கினார்கள், ஒன்று எனக்கு விழுந்துவிட்டது! 1943இல் இங்கே லோங் பிராஞ்சில் செய்தது. கனடாவுக்கு வந்த புதிதில் அந்தப் பக்கம்தான் நான் பெட்டி ஏற்றும் வேலை செய்தேன். எண்பது வருசம் ஆமியிடம் கிடந்த சாமான், செலீன். மிச்சத்தை உருக்கிவிடுவார்கள் என்று கிளப்பில் கதை.

ஆனால் என் துவக்கு லைசென்ஸ் மே மாதம் முடிகிறது. புதுப்பிக்கும் படிவம் இந்த மாதம் 31க்குள் போனால்தான் கிளப் துவக்கைத் தரும். அதில் மனைவியின் கையெழுத்தும் கேட்டிருக்கிறது. மற்றதெல்லாம் நிரப்பிவிட்டேன், நீர் கஷ்டப்பட வேண்டாம். முத்திரை ஒட்டிய உறையும் உள்ளே இருக்கிறது.

கோயிலில் பாதர் உட்பட எல்லோரும் உம்மை விசாரித்தார்கள்.

அன்புடன்,
கிறிஸ்துநாயகம்


ஒஷாவா
10 மார்ச் 2025

ஏஞ்சலாவின் அப்பாவுக்கு,

பதினேழு மாதத்தில் முதல் கடிதம். துவக்கு பிறந்த வருசம் வரைக்கும் எழுதியிருக்கிறீர்கள், நான் சுகமா என்று ஒரு சொல் இல்லை.

நிரப்பியதை முழுவதும் வாசித்தேன். கடந்த இரண்டு வருடத்தில் விவாகரத்தோ, பிரிவோ, உறவு முறிவோ ஏற்பட்டதா என்று ஒரு கேள்வி இருக்கிறது. "இல்லை" என்று புள்ளடி போட்டிருக்கிறீர்கள். உங்களுக்கென்ன விசரா? நான் எங்கே போனேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், கடைக்குப் பாண் வாங்கவா?

கோயிலில் சொல்லித் திரியும் கதையும் எனக்குத் தெரியும். அன்ரனெற் போன் எடுத்து, "என்னடியப்பா, மகளின்ரை பிள்ளைப்பெறு பாக்கப் போனனீ, இன்னும் முடியேல்லையோ?" என்று சிரிக்கிறாள். அந்தப் பிள்ளை வீடு முழுக்க ஓடித் திரிகிறான்! வெட்கத்தில் அந்தக் கோயில் பக்கமே வருவதில்லை.

ஏன் போனேன் என்று நீங்கள் இன்றுவரை கேட்கவில்லை. நானே சொல்கிறேன். ஒப்பரேசன் முடிந்து, கூட்டிப்போக ஆள் வரும் என்று ஆஸ்பத்திரி வாசலில் மூன்று மணித்தியாலம் இருந்தேன். நீங்கள் ஒறேஞ்வில் துவக்குக் கண்காட்சியில், துவக்கைத் தோளில் மாட்டும் தோல்பட்டி வாங்க வரிசையில் நின்றீர்கள். வீட்டுக்கு வந்ததும் பட்டியைத்தான் காட்டினீர்கள்.

பொய் எழுதிய தாளில் கையெழுத்து வைக்கமாட்டேன்.

செலீன்


மல்வேர்ன்
15 மார்ச் 2025

அன்புள்ள செலீனுக்கு,

ஐயோ, ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு பாடா? "ஆம்" என்று போட்டால் கேள்விக்கு மேல் கேள்வி வரும். துவக்கு அடுத்த பெயருக்குப் போய்விடும். அடுத்த பெயர் யார் தெரியுமா? துஷாந்த்! அவனுக்குத் தோட்டா எந்தப் பக்கத்தால் போகும் என்றே தெரியாது.

பிரிவு என்று யார் சொன்னது? நீர் கோபித்துக்கொண்டு போனீர். உம்முடைய சீலைகள் இன்னும் அலுமாரியில் இருக்கின்றன. ஆட்களிடம் வேறு என்னத்தைச் சொல்ல? வாயால் சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று எனக்குப் பயம்.

நாள் போகிறது. கெதியாய் அனுப்பும்.

கிறிஸ்துநாயகம்


ஒஷாவா
19 மார்ச் 2025

ஏஞ்சலாவின் அப்பாவுக்கு,

படிவத்தைக் கையெழுத்தில்லாமல் திருப்பி அனுப்புகிறேன். அப்படியேயும் நீங்கள் அனுப்பலாம், லைசென்ஸ் கொடுக்கும் பொலிசார் எனக்கு அறிவிப்பார்கள் என்று மகள் பார்த்துச் சொன்னாள். என்னைக் கேட்டால் உள்ளதைச் சொல்வேன். அதை முதலில் நீங்கள் சொன்னால் எனக்கு நிம்மதி.

உங்களுக்குத் துவக்கு வேண்டும். எனக்கு, நான் போனது ஒருவருக்காவது உறைத்தது என்று தெரிய வேண்டும். அவ்வளவுதான்.

செலீன்


மல்வேர்ன்
2 ஏப்ரல் 2025

அன்புள்ள செலீனுக்கு,

சுகமாக இருக்கிறீரா?

புதுப் படிவம் எடுத்தேன். "ஆம்" என்று புள்ளடி போட்டேன். விவரம் எழுத விட்டிருந்த இடம் போதவில்லை. தனித்தாளில் எழுதி ஒட்டினேன். இங்கிலிசில் எழுதியதைத் தமிழில் சொல்கிறேன்:

"என் மனைவி 2023 ஒக்ரோபரில் வீட்டை விட்டுப் போனார். நான் குடிப்பதில்லை, கை நீட்டியதில்லை. ஆகவே என்னில் பிழையில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒப்பரேசன் முடிந்த அவரைக் கூட்டிவர நான் போகவில்லை."

என்ன ஒப்பரேசன் என்று எழுதப் போனபோது எனக்குத் தெரியவில்லை, செலீன். மகளைக் கேட்டேன். "பித்தப்பை" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள். அதையும் தாளின் கடைசியில் சேர்த்தேன்.

இந்த இழுபறியில் 31ஆம் திகதி தாண்டிவிட்டது. துவக்கு துஷாந்துக்குத்தான். நேற்றுக் கொண்டுபோனான். சரியான எரிச்சல், மறைக்கவில்லை. ஆனால் வீட்டில் ஏற்கெனவே உள்ள நாலு துவக்குக்கும் லைசென்ஸ் வேண்டும். அதனால் படிவத்தை இத்துடன் அனுப்புகிறேன்.

ஞாயிறு பூசை முடிந்து அன்ரனெற்றிடம் நானே சொன்னேன். "அவ என்னை விட்டிட்டுப் போட்டா" என்றேன். அவ சிரிக்கவில்லை.

கிறிஸ்துநாயகம்


ஒஷாவா
9 ஏப்ரல் 2025

கிறிஸ்துநாயகத்துக்கு,

சுகமாக இருக்கிறேன். கேட்டதற்கு நன்றி.

தனித்தாளை நாலு தரம் வாசித்தேன். நாலு தரமும் அழுதேன். பிறகு கோபம்தான் வந்தது. எனக்குச் சொல்ல வேண்டியதைப் பொலிசுக்கு எழுத எப்படி மனம் வந்தது? இதில் பாதியை அன்றைக்கு வாயால் சொல்லியிருந்தால் நான் வெளிக்கிடப் போட்ட சப்பாத்தைக் கழற்றிவிட்டு வீட்டிலேயே இருந்திருப்பேன்.

பொலிசார் என்னை அழைத்து, உங்கள் கணவரிடம் பயமா என்று கேட்டால், ஒருநாளும் பயந்ததில்லை, அலுத்துப்போனேன் என்று சொல்வேன். உங்கள் லைசென்சுக்கு அதனால் பழுது வராது.

படிவத்தில் கையெழுத்துக்கு இரண்டு இடம் இருந்தது. இப்போதைய துணைக்கு ஒன்று, முன்னாள் துணைக்கு ஒன்று. இரண்டாவதில் வைத்திருக்கிறேன்.

உயிர்த்த ஞாயிறுப் பூசைக்கு மகளோடு கோயிலுக்கு வருவேன். இனி ஒருவருக்கும் பொய் சொல்லத் தேவையில்லை. எனக்கு இடம் பிடித்து வைக்க வேண்டாம்.

செலீன்