திறக்காத கிடங்கு

என்னங்க, நலம்தானே? முதுகுவலி குறைந்ததா? பாப்பாவுக்குச் சளி விட்டதா?

நேற்று மதியம் ஆபீஸில் சின்னக் கலவரம். பயப்படாதீர்கள், முடிந்துவிட்டது. ஆம்புலன்ஸ் அழைப்புகளை வாங்கும் எங்கள் மென்பொருள், பூட்டிய ஓர் இணையக் கிடங்கில் இருக்கிறது. கிளஸ்டரில், அதாவது சேர்ந்து வேலை செய்யும் கூட்டத்தில், உள்ள சர்வர்கள் கடவுச்சொல்லைக் காட்டி அதை எடுத்து ஓட்டும். ஒரு சர்வர் படுத்துவிட்டது. மாற்றாக வந்த சர்வர் தட்டத் தட்ட, கிடங்கு ‘அனுமதி இல்லை’ என்றே சொன்னது. மிச்சமிருந்த ஒற்றை சர்வர் திணறியது.

“அதையும் ரீஸ்டார்ட் பண்ணிப் பாரும்மா,” என்றார் மேனேஜர்.

“வேணாம் சார், நிறுத்தினா அதுவும் கிடங்கைத்தான் தட்டணும், எழுந்திருக்காது!” என்று கீபோர்டைக் கையால் மூடிக்கொண்டேன்.

சர்வர்கள் காட்டிய கடவுச்சொல், போன வாரம் வேலையை விட்டவர் பெயரில் எடுத்தது. ஆபீஸில் அவர் கணக்கை மூடியதும் அதுவும் செத்துவிட்டது. மென்பொருளுக்கென்றே புதிதாக ஒன்று எடுத்துக் கிளஸ்டரில் பதிந்தேன். கிடங்கு திறந்தது. காத்திருந்த அழைப்புகள் ஒவ்வொன்றாக வண்டிகளுக்குப் போயின. அப்புறம்தான் நாற்காலியில் சாய்ந்தேன்.

எல்லோரும் வீட்டுக்கு போன் போட்டுச் சொன்னார்கள். அங்கே நீங்கள் தூங்கும் நேரம், நான் போடவில்லை.

பாப்பா பேசுவதைப் பதிவுசெய்து அனுப்புங்கள். சாப்பிடமாட்டேன் என்று அழுதாலும் சரி, நீளமாக இருக்கட்டும். மேனேஜர் கூப்பிடுகிறார், ஓடுகிறேன்.

உங்களவள்