ஐந்து விரலும் மூன்று வாயும்

தனகோடியின் அப்பாவுக்கு,

உங்கள் மகள் தரும் முத்தத்துக்கு இன்றைய விலை பாதி வாழைப்பழம். மீதிப் பாதியைக் கண்ணில் காட்டாதீர்கள், விலை ஏறிவிடும்.

என் தங்கைக்கு இடுப்புவலி கண்டுவிட்டதாம். முதல் ரயிலில் வாலாஜாபேட்டை போகிறேன்; நாளை வந்துவிடுவேன். இன்று ஞாயிறு, உங்கள் தோல்ஷாப்புக்கும் லீவு. "புள்ளைக்கி ஊட்றதெல்லாம் ஒரு வேலையா?" என்று நேற்று கேட்டீர்களே, பார்த்துவிடலாம்.

பசி என்றால் பொட்டுக்கடலை மாவில் வெல்லம் பிசைந்து கொடுங்கள். உறியில் வெந்த வள்ளிக்கிழங்கு இருக்கிறது. தயிர்ச்சோற்றுக்கு மட்டும் லேசில் வாய் திறக்கமாட்டாள். தோல்மண்டியில் என் அப்பா விலை பேசுவாரே, அதுபோலத் துண்டுக்கடியில் அவள் கையைப் பிடித்து ஐந்து விரலையும் அழுத்துங்கள். ஐந்து வாய் என்று அர்த்தம். அவள் உங்கள் ஒரு விரலை மட்டும் பிடித்துக்கொண்டு, "ஜாஸ்திப்பா!" என்பாள். மூன்றில் முடியுங்கள். உருண்டையைப் பெரிதாக உருட்டுங்கள். அளவைப் பற்றித்தான் பேச்சே இல்லையே.

மறந்துவிட்டேன்: கருவாட்டுக் குழம்பு உங்களுக்கு. சட்டியில் மூடி வைத்திருக்கிறேன்.

கணக்கு: நேற்று ராத்திரி தனகோடி பேசிய மூன்று வாயும் தின்றாள், பாக்கியில்லை. கோபித்துக்கொண்டு பட்டினியாகப் படுத்த அவள் அப்பா ஒரு முழுச் சாப்பாடு பாக்கி. நாளைக்குத் துண்டோடு வந்து வசூலித்துக்கொள்கிறேன்.