நூறாவது நாற்காலி

மழை பிடித்துப் பதினோராம் நாள், ஞாயிறு

ரத்னகிரியில் இருக்கும் தம்பி பாஸ்கர் கார்விக்குத் திம்மப்ப மொகேர் சொல்லி எழுதுவது. நீயும் வீட்டாரும் சுகமாயிருக்க மஞ்சுநாத சுவாமி துணை.

எழுதுவது தையல்கார இனாஸ். வீட்டில் வைத்துச் சொன்னால் பேத்தி குசுமா காதில் விழும் என்று அவன் கடைக்கு வந்தேன். உன் முகவரியை உன் அக்கா கொடுத்தாள். கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அது நியாயம்தான்.

ஊரில் படகெல்லாம் கரையேற்றியாகிவிட்டது. அக்கா வீட்டுத் தென்னை ஒன்று சாய்ந்தது, கூரை தப்பியது. ஆறு செம்மண்ணாக ஓடுகிறது. துறையில் மேலே இரண்டு படிதான் பாக்கி. அதுவும் முங்கினால் படகு ஓடாது. அக்கரைக்குப் போகவும் முடியாது, அங்கிருந்து வரவும் முடியாது.

நம் சேவா சங்கத்தில் இப்போது நூறு பேர். பழைய தலைவர் மாஸ்டர் காலத்தில் பதினொரு பேர், நாலு பெஞ்சு. ஜவுளிக்கடை வசந்த நாயக் தலைவரான ஒரே வருஷத்தில் இந்த வளர்ச்சி. மேலிடத்திலிருந்து வெள்ளிக் கேடயம் வந்து கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. ஞாயிறுதோறும் நூறு நாற்காலி விரிக்கிறேன். போன வாரம் இருபத்து மூன்று பேர் வந்தார்கள். பஜ்ஜி போடுகிற அன்றைக்கு நாற்பது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். குசுமாவுக்கு எட்டு மாதம் முடியப்போகிறது. டாக்டரம்மா லோபோ ரத்தம் பார்த்து ஓ நெகட்டிவ் என்றார். நஞ்சுக்கொடி கீழே இறங்கிப் பிள்ளை வரும் வழியை அடைத்திருக்கிறதாம். இரண்டு முறை ரத்தம் பட்டுவிட்டது. பஸ்ஸில் குலுங்கி மங்களூர் போகக்கூடாது, படுக்கையை விட்டே எழக்கூடாது என்கிறார். அவள் புருஷன் ரத்தம் சேராது, என்னுடையதும் சேராது. டாக்டரம்மா என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: “அதே ரத்தமுள்ள ஆள் ஒருத்தராவது ஊருக்குள்ள இருக்கணும் பெரியவரே. நேரம் வந்தப்புறம் தேட முடியாது.”

குசுமாவின் அம்மாவுக்காக எந்த மழையில் ஆள் தேடி ஓடினோம் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். அவள் பிரசவத்தில் இறந்த அந்த வருஷம்தான் மாஸ்டர் சங்கத்தைத் தொடங்கினார். தொடங்கியதே இனி யாரும் ரத்தத்துக்கு ஆள் தேடி ஓடக்கூடாது என்றுதான்.

நாயக்கிடம் போனேன். நூறு பேர் இருக்கிறோமே, என்ன பயம் என்று பட்டியலை எடுத்தார். சேரும்போது அவரவர் எழுதிக்கொடுத்த ரத்தவகை அதில் இருக்கிறது. ஓ நெகட்டிவ் மூன்று பேர். எனக்குப் பெயரைச் சொன்னால் போதும், மூன்று வீட்டுக்கும் நடந்தேன். ஒருவர் நாயக்கின் மைத்துனர். பம்பாயில் குடியிருப்பவர், எண்ணிக்கைக்குச் சேர்த்தது. அடுத்தவர் அரிசி மண்டி சேஷகிரி, எழுபத்திரண்டு வயது, சர்க்கரை வியாதி. மூன்றாவது ஆள் புது ஓட்டல்காரன். அவன் சிரித்தான். “அந்தக் கட்டத்தைக் காலியா விட்டா ஃபாரம் வாங்கமாட்டேன்னாங்க அஜ்ஜா. எதையோ எழுதிவெச்சேன். ஊசின்னாலே எனக்கு மயக்கம் வரும்” என்றான். டாக்டரம்மா விடவில்லை, வரவழைத்துச் சோதித்தார். பி பாசிட்டிவ்.

நான் எழுத்தறியாதவன். ஆனால் யார் யாருக்கு ரத்தம் கொடுத்தார்கள் என்பது தலைக்குள் வரிசையாக இருக்கிறது. நீயும் ஓ நெகட்டிவ், பதினாலு முறை கொடுத்திருக்கிறாய். முதல் முறை உப்பளத்து மாதேவிக்கு. கடைசியாக லாரி மோதிய கிளீனருக்கு. படகிலிருந்து இறங்கிய ஈரத்துணியோடு சைக்கிளில் வைத்து உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன் நான். அன்று ஞாயிறு. அதுதான் நீ தவறவிட்ட மூன்றாவது கூட்டம்.

அடுத்த வாரம் நடந்ததை நீ மறந்திருக்கமாட்டாய், நானும் மறக்கவில்லை. மூன்று கூட்டத்துக்கு வராதவர்களைக் களைந்து சங்கத்தை வலுப்படுத்துகிறோம் என்று நாயக் வாசித்த பெயரெல்லாம் கடலுக்குப் போகிறவர்கள் பெயர். நீக்கப்படுகிறவர்களுக்குப் பதில் புது ஆட்கள் தயாராக இருந்தார்கள். உன் பெயர் வந்ததும், “இவர் ஏன் வரலைன்னு யாருக்காவது தெரியுமா?” என்று கேட்டார். கொடுத்ததைச் சொல்லிக்காட்டும் ஆள் இல்லை நீ. நான் சொல்வேன் என்று கதவோரம் நின்று என்னையே பார்த்தாய்.

பாஸ்கரா, பத்தொன்பது வருஷம் நாற்காலி விரித்துவிட்டுச் சுவரோரம் நின்றவன் நான். அன்று காலைதான் நாயக் என் சட்டையில் பேட்ஜ் குத்தி, “திம்மண்ணா, நீங்க சேர்ந்தாத்தான் நூறு முழுசாகும். இனிமே நிக்காதீங்க, உட்காருங்க” என்றிருந்தார். நான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்தால் எழுந்திரு என்பார்களோ என்று இருந்தது. நீக்கச் சம்மதிப்பவர்கள் கையைத் தூக்கச் சொன்னார்கள். தூக்கினேன்.

இன்று காலைக் கூட்டத்தில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேட்க மழையில் பதினாறு பேர் இருந்தார்கள். நாயக் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தார். பேட்ஜைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வந்தேன். அதனால் உனக்கு என்ன, குசுமாவுக்கு என்ன. சொல்லவேண்டிய நாளில் சொல்லவில்லை.

புதன்கிழமை உனக்குத் தந்தி கொடுத்தேன். பதில் இல்லை. கிடைக்கவில்லையோ, கிடைத்தும் மனம் வரவில்லையோ. தந்தியில் இதையெல்லாம் சொல்ல இடமில்லை, அதனால்தான் கடிதம்.

குசுமாவுக்கு எதையும் சொல்லவில்லை. நேற்றுக் கஞ்சி கொடுக்கும்போது, “அஜ்ஜா, அம்மாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சா?” என்று கேட்டாள். அவளுக்கு வந்தது வேற, உனக்கு வேற என்றேன். கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். பாதிக் கஞ்சி அப்படியே இருந்தது.

டாக்டரம்மா அறுத்துப் பிள்ளையை எடுக்கக் குறித்த நாளுக்கு இன்னும் பதினெட்டு நாள். முன்னாலும் வரலாம் என்கிறார். ஆற்றின் கணக்கு எனக்குத் தெரியாது. இரண்டு நாள் மழை விட்டால் தண்ணீர் இறங்கும். துறைக்காரன் கணபுவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அக்கரையில் நீ வந்து நின்று குரல் கொடுத்தால், அவன் படகை எடுக்கவேண்டும். சரி என்றான். பிறகு, “அவன் வரலைன்னா?” என்று கேட்டான்.

உன் பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் வளரட்டும். உன் கை பிடித்த வலை கனக்கட்டும். என்னிடம் நீ பேசவேண்டாம், என் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவேண்டாம். துறையிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போ. அந்த வழி உனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
திம்மப்ப மொகேர்
(இடது பெருவிரல் ரேகை)

இது இனாஸ். பெரியவர் எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். அவர் சொல்லத் தொடங்கும்போது என் கடை வாசலிலிருந்து துறையின் இரண்டு படி தெரிந்தது. இப்போது ஒன்றுதான் தெரிகிறது. தபால் பை இன்னும் இக்கரையில்தான் இருக்கிறது. நானே கொண்டுபோய்க் கணபு கையில் கொடுக்கிறேன்.